வண்டிக்கு எத்தனை வோல்ட்?

சவூதி அரேபியாவில் சில வருடங்கள் வேலை செய்து திரும்பிய சகோதரி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே பல வீடுகளில் இரண்டு வகையான ப்ளக் இருந்ததை அவர் சொல்வார். ஒன்று "நூற்றிப்பத்து". மற்றது "இருநூற்றி இருபது". எந்தச் சாமானை எதில் சொருகுவது என்பதை வீட்டுக்காரப் பெண்மணி முதல் நாளே காட்டிக் கொடுத்துவிடுவார். 2010ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் எல்லாவற்றையும் படிப்படியாக 230 வோல்ட்டுக்கு மாற்றத் தீர்மானித்தது. ஆனால் அதற்கு முன்பு அங்கிருந்து ஆசையாய்ப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த "நூற்றிப்பத்து" பிளென்டர்கள், நம் ஊர் ப்ளக்கில் போட்ட கையோடு உறுமி, புகைந்து, ஓய்ந்துபோன கதை நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல.

ஆகவே "வோல்ட்" என்றால் என்ன என்று நம் பெண்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. சாமான் கேட்பது ஒன்று, சுவர் கொடுப்பது ஒன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அவ்வளவுதான். ஆச்சரியம் என்னவென்றால், வீட்டு மின்சாரத்தில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், வண்டி என்று வந்ததும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. வண்டியில் இருப்பது ஒரே மின்சாரம்தான் என்று எண்ணிக்கொள்கிறோம். அங்கேயும் ஒரு "நூற்றிப்பத்து", ஒரு "இருநூற்றி இருபது" இருக்கிறது. அவற்றின் பெயர் 12 வோல்ட், 24 வோல்ட்.

இது இப்போது ஏன் என்று கேட்கலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் முழு நாடும் இருண்டது என்று அறிவித்தார்கள். இப்படியான அனுபவங்களுக்குப் பிறகு, வாசலில் நிற்கும் வண்டியின் பெட்டரியிலிருந்து ஒரு ஃபேனையாவது, ஒரு மின்குமிழையாவது எரியவிடலாமே என்ற எண்ணம் பல வீடுகளுக்கு வந்தது. அதற்கான கருவிதான் இன்வேர்ட்டர். பெட்டரியில் இருக்கும் குறைந்த வோல்ட் நேர் மின்சாரத்தை, வீட்டில் பாவிக்கும் 230 வோல்ட் மாறு மின்சாரமாக அது மாற்றித் தருகிறது. சிறியது ஒரு பிஸ்கட் பெட்டியளவு இருக்கும். பெரியது ஒரு தையல் மெசின் பெட்டியளவு. புறக்கோட்டையிலும் கிடைக்கும், ஊர்க் கடையிலும் கிடைக்கும். கடைக்குப் போய் வாங்குவது அநேகமாக நாம்தான். கணவர் தொழிலில் இருப்பார், அல்லது கடல் கடந்து இருப்பார்.

கடைக்காரர் கேட்பது "எத்தனை வொட்?" என்ற கேள்வியை மட்டுமே. அதற்கு முந்திய கேள்வியை, அதாவது "எந்த வண்டிக்கு?" என்பதை, வாங்குபவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஃபோன் சார்ஜ் ஆகிறதே!

இப்படி ஒரு சந்தர்ப்பத்தை எண்ணிப் பாருங்கள். அக்கரைப்பற்றுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. உம்மாவுக்கு மூச்சு முட்டு வருத்தம். நெபுலைசர் இல்லாமல் அவரை எங்கும் கூட்டிப் போக முடியாது. வீட்டு வேனில் பாவிப்பதற்காக ஒரு சிறிய இன்வேர்ட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது பிரச்சினையில்லாமல் வேலை செய்கிறது. கொழும்புக்குக் கிளினிக் போக வேண்டிய நாளில் வேன் பழுதாகிவிடுகிறது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். சொந்தக்காரர் ஒருவரின் லொறி அன்றிரவு கொழும்புக்குச் சாமான் ஏற்றப் போகிறது. முன் ஆசனத்தில் உம்மாவும் மகளும் ஏறிக்கொள்கிறார்கள்.

"நானா, இந்த இன்வேர்ட்டர லொறியிலயும் கொளுவலாம்தானே?"

"ஏன் ஏலாது தங்கச்சி? என்ட ஃபோன நான் ஒவ்வொரு நாளும் இந்தத் துளையிலதானே சார்ஜ் பண்றன்."

நானா பொய் சொல்லவில்லை. அவருடைய ஃபோன் அங்கே நன்றாகத்தான் சார்ஜ் ஆகிறது. ஆனால் அந்தச் சிறிய ஃபோன் சார்ஜர் 12 வோல்ட்டிலும் 24 வோல்ட்டிலும் வேலை செய்யும்படி செய்யப்பட்டது. அதன் உடம்பில் பொடி எழுத்தில் "12-24" என்று இரண்டு எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். இன்வேர்ட்டர் அப்படியல்ல. மிகப் பெரும்பாலான இன்வேர்ட்டர்கள் ஒரு எண்ணுக்கு மட்டுமே கட்டுப்பட்டவை. வேனில் இருந்தது 12 வோல்ட். லொறியில் இருப்பது 24. எஞ்சின் ஓடும்போது அது 28 வோல்ட் வரை ஏறி நிற்கும். 12க்கு என்று செய்யப்பட்ட பெட்டிக்குள் இருக்கும் பாகங்கள் தாங்கக்கூடியதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. நல்ல தரமான பெட்டியாக இருந்தால் "பீப்" என்று கத்திவிட்டு வேலை செய்ய மறுக்கும். மலிவான பெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், பிறகு கருகிய வாடை, பிறகு புகை. நடு இரவில், வழியில் ஓரிடத்தில், உம்மாவுக்கு இழுப்புத் தொடங்கும் நேரத்தில்.

சொருகும் துளை இரு வண்டியிலும் ஒரே அளவாக இருப்பதுதான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம். சவூதி வீட்டில் ப்ளக்கின் தோற்றமாவது வேறாக இருந்தது. வண்டியின் சிகரட் லைட்டர் துளையோ காரிலும் ஒன்றுதான், பத்துச் சில்லு லொறியிலும் ஒன்றுதான். இதைச் செய்தவர்களை என்னவென்று சொல்வது!

தவறு மறுபக்கமாக நடந்தால் ஆபத்து இல்லை. 24 வோல்ட் இன்வேர்ட்டரை 12 வோல்ட் காரில் சொருகினால் எதுவும் எரியாது. ஏறத்தாழ 21 வோல்ட்டுக்குக் குறைந்தால் "பெட்டரி இறங்கிவிட்டது" என்று அது எடுத்துக்கொண்டு, கத்திக்கொண்டே சும்மா இருக்கும். பழுதடைந்த சாமானைத் தந்துவிட்டார்கள் என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போகும் முன் பெட்டியின் எண்ணைப் பார்ப்பது நல்லது.

எப்படி அறிவது?

கார், ஓட்டோ, சிறிய வேன், "பட்டா" என்று நாம் அழைக்கும் சின்ன லொறி, இவையெல்லாம் 12 வோல்ட். இக்கால மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். வாப்பா காலத்துச் சின்ன ஹொண்டா சைக்கிள்களில் 6 வோல்ட்டும் இருந்தது. அவற்றில் இன்வேர்ட்டர் கொளுவ யாரும் நினைக்க மாட்டார்கள் என்று நம்புவோம். பெரிய பஸ், பெரிய லொறி, கோஸ்டர், ரோஸா போன்ற ஜப்பானிய நடுத்தர பஸ், எல்ஃப், கன்டர் போன்ற ஜப்பானிய லொறி ஆகியவற்றில் பெரும்பாலானவை 24.

"பெரும்பாலானவை" என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. வண்டியின் பருமனைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஜப்பானிலிருந்து வந்த சில பழைய டீசல் ஜீப்புகள் 24 வோல்ட். அதே ஜீப், வேறொரு நாட்டுக்கென்று செய்யப்பட்டது, 12 வோல்ட். வேறு சிலவற்றில் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் மட்டும் 24, மற்ற நேரமெல்லாம் 12. பார்த்தால் மூன்றும் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும்.

சரி, பெட்டரியை எண்ணிப் பார்த்தால் என்ன? ஒன்று இருந்தால் 12, இரண்டு இருந்தால் 24 என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. ஒவ்வொரு பெட்டரியும் 12 வோல்ட் என்பது அநேகமாக உண்மை. ஆனால் இரண்டைக் கோர்ப்பதில் இரு வகை உண்டு. ஒன்றின் கூட்டல் முனையை மற்றதன் கழித்தல் முனையோடு இணைத்திருந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி 24 ஆகும். கூட்டலோடு கூட்டல், கழித்தலோடு கழித்தல் இணைத்திருந்தால் வோல்ட் 12ஆகவே இருக்கும். சேமிப்பு மட்டும் இரட்டிப்பாகும். குளிர்ப் பிரதேசங்களுக்கென்று செய்யப்பட்ட சில டீசல் வேன்களில் இந்த இரண்டாவது வகையைக் காணலாம். இரண்டு குடத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் உயரம் கூடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் கூடும், உயரம் கூடாது. அதே கணக்கு.

கை அழுக்காகாமல் அறிய எளிய வழி ஒன்று உண்டு. வண்டியின் பின்பக்க சிக்னல் மின்குமிழைக் கழற்றி, அதன் பித்தளை அடிப்பாகத்தைப் பாருங்கள். 12 என்றோ 24 என்றோ அதிலே பொறித்திருக்கும். எஞ்சின் பொனட்டைத் திறக்கவும் வேண்டாம், கராஜுக்குப் போகவும் வேண்டாம். புதிய வண்டிகளில் எல்ஈடி விளக்கு முத்திரையிட்டு வந்தால் இது சரிவராது. அப்போது ஒரு மல்டிமீற்றரால் பெட்டரியின் இரு முனைகளையும் தொட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது 12.5 அளவில் காட்டினால் 12 வோல்ட் வண்டி, 25 அளவில் காட்டினால் 24 வோல்ட் வண்டி. இரண்டு பெட்டரி இருந்தால் ஒரு பெட்டரியை மட்டும் தொட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். எப்போதும் 12தான் காட்டும். லைட்டர் துளைக்குள்ளேயே அளந்து பார்ப்பது இன்னும் நல்லது. ஏனென்றால் சில 24 வோல்ட் லொறிகளில், ரேடியோவுக்கென்று 12ஆகக் குறைக்கும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி, அந்தத் துளைக்கும் அதிலிருந்தே வயர் இழுத்திருப்பார்கள். அங்கே 12 வோல்ட் இன்வேர்ட்டர் எரியாது. ஆனால் அந்தக் கருவியால் கொடுக்கக்கூடிய மின்சாரம் கொஞ்சம்தான். மின்குமிழ், ஃபோன் அளவோடு நின்றுகொள்ள வேண்டும்.

இன்வேர்ட்டர் பெட்டியில் "இன்புட்" என்ற சொல்லுக்கு எதிரே இருக்கும் எண், வண்டியின் எண்ணாக இருக்க வேண்டும். "அவுட்புட்" என்பதற்கு எதிரே நம் நாட்டுக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாரேனும் அன்பளிப்பாகக் கொண்டுவந்த இன்வேர்ட்டரில் 110 என்று இருந்தால், அது நம் வீட்டுச் சாமானுக்கு உதவாது.

"ஒரு பெட்டரியில் மட்டும் கொளுவுவோம்"

லொறியில் 12 வோல்ட் இன்வேர்ட்டரை என்ன செய்வது என்று கேட்டால், கைவேலை தெரிந்த எந்தத் தம்பியும் சொல்லும் விடை இது: "ரெண்டு பெட்டரியில ஒண்டுல மட்டும் கொளுவினா 12தானே வரும்!" வரும். இன்வேர்ட்டரும் எரியாது. உடனே எந்தக் கெடுதியும் தெரியாது. அதனால்தான் இந்த யோசனை இவ்வளவு பிரபலம்.

இரண்டு மாடு பூட்டிய வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு மாட்டை மட்டும் அவிழ்த்து ஏரில் பூட்டி வேலை வாங்குகிறோம். இரவில் இரண்டுக்கும் ஒரே அளவு தீனிதான் போடுகிறோம். வேலை செய்த மாடு பசியோடு கிடக்கும். சும்மா நின்ற மாட்டுக்குத் தீனி மிஞ்சும். அடுக்கிக் கோர்த்த இரு பெட்டரிகளிலும் சார்ஜ் ஆகும்போது பாயும் மின்சாரம் ஒரே அளவு. இன்வேர்ட்டர் கொளுவிய பெட்டரி முழுதாக நிரம்பாமலேயே நாட்களைக் கடத்தும். மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகி, கொதித்து, தண்ணீர் வற்றும். சில மாதங்களில் இரண்டும் கெட்டுவிடும். "பெட்டரி தரமில்லை" என்று பெயர் மட்டும் பெட்டரிக் கம்பனிக்கு.

24ஐ 12ஆகக் குறைக்கும் கன்வேர்ட்டரைப் பொருத்தினால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அடிக்கடி லொறியில் பாவிக்க வேண்டியிருந்தால் 24 வோல்ட் இன்வேர்ட்டர் ஒன்றை வாங்கிவிடுவதே சிக்கனம். இது என் கணிப்பு. இரண்டு வகையிலும் வேலை செய்யும் இன்வேர்ட்டர்களும் இருக்கின்றன. அப்படியானால் அது பெட்டியிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். விற்பவரின் வாய் வார்த்தை போதாது.

வோல்ட் பொருந்திய பின்

எண் பொருந்திவிட்டது என்பதற்காக எதையும் கொளுவலாம் என்று அர்த்தமில்லை. ஒரு மூடை அரிசியைப் பெரிய பையில் ஒரே தடவையில் கொண்டுபோகலாம். சிறிய பையென்றால் இரண்டு தடவை நடக்க வேண்டும். 12 வோல்ட் என்பது அந்தச் சிறிய பை. 300 வொட் சாமான் ஒன்றை ஓட்ட 12 வோல்ட் வண்டியிலிருந்து 25 அம்பியர் மின்சாரம் ஓட வேண்டும். 24 வோல்ட் வண்டியிலிருந்து 12.5 போதும். இன்வேர்ட்டர் தானாக விழுங்குவதையும் சேர்த்தால் முதலாவது 28ஐத் தொடும். லைட்டர் துளைக்குப் போட்டிருக்கும் பியூஸ் அநேகமாக 10 அல்லது 15 அம்பியர்தான். ஆகவே 12 வோல்ட் வண்டியின் துளையில் 100 வொட் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது; 150 என்பது விளிம்பு. அதற்கு மேல் போனால் பியூஸ் போகும். பியூஸ் போகிறதே என்று யாராவது பெரிய பியூஸ் போட்டுக் கொடுத்தால், பியூசுக்குப் பதில் வயர் எரியும். வண்டி தீப்பிடிப்பது இப்படித்தான்.

பெரிய இன்வேர்ட்டரை நேரே பெட்டரியோடு, தடித்த வயரால், இயன்றவரை நீளம் குறைவாக, பெட்டரிக்கு அருகிலேயே தனிப் பியூஸ் வைத்துப் பொருத்த வேண்டும். 1000 வொட்டை 12 வோல்ட்டிலிருந்து எடுப்பதென்றால் ஏறத்தாழ 90 அம்பியர். விரல் தடிப்பு வயர் வேண்டும். சிவப்பைக் கூட்டலிலும் கறுப்பைக் கழித்தலிலும் கொளுவ மறந்தால் வோல்ட் பொருத்தமெல்லாம் வீண்.

இனிச் சாமான்களைப் பார்ப்போம். எல்ஈடி மின்குமிழ் 9 வொட், மேசை ஃபேன் 50 வொட், மடிக்கணினி 65 வொட். இவை தாராளமாக ஓடும். ரைஸ் குக்கர் 500க்கு மேல், அயன் 1000 அளவு, கெட்டில் 1500 முதல் 2000 வரை. இவை வண்டிப் பெட்டரிக்கு உரியவை அல்ல. சூடாக்கும் சாமான் எதையும் வண்டியில் கொளுவ வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் கணக்கே போடத் தேவையில்லை. பயணத்தில் பிள்ளைக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணீர் வேண்டுமென்றால் ஒரு ஃப்ளாஸ்க் செய்யும் வேலையை 2000 வொட் இன்வேர்ட்டர் செய்யாது.

மோட்டார் உள்ள சாமான் வேறு ரகம். பிளென்டர், ப்ரிஜ், நெபுலைசர் கம்ப்ரெசர் ஆகியவை ஓடத் தொடங்கும் கணத்தில் எழுதியிருப்பதைப் போல் பல மடங்கு இழுக்கும். ஆகவே இன்வேர்ட்டர் பெரிதாக இருக்க வேண்டும். மலிவான இன்வேர்ட்டர் தரும் மின்சாரம் வீட்டு மின்சாரம் போல் அலையலையாக வராமல் படிப்படியாக வெட்டுப்பட்டு வரும். மின்குமிழுக்கு அது பரவாயில்லை. மோட்டார்கள் உறுமிச் சூடாகும். வைத்திய உபகரணத்துக்கு "பியூர் சைன்" என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். விலை கூடத்தான். அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நோயாளியோடு பயணம் செய்வோருக்கு இன்னும் சில வார்த்தைகள். நெபுலைசர் 100 முதல் 180 வொட் அளவில் இழுக்கும். கால் மணித்தியால வேலைதான் என்பதால் சமாளிக்கலாம். ஒட்சிசன் கொன்சன்ட்ரேட்டர் அப்படியல்ல. வீட்டில் பாவிக்கும் 5 லீற்றர் இயந்திரம் ஏறத்தாழ 300 வொட்டை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். கார் பெட்டரி 60 அம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டாலும், அதில் பாதிக்கு மேல் எடுத்தால் மறுபடி வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்பது சந்தேகம். எஞ்சினை நிறுத்திவிட்டால் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது என்பதே கணக்கு. 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்ற வண்டிகளின் நிலையை நினைத்தால் போதும். தாங்கியில் எண்ணெய் இல்லையென்றால் இன்வேர்ட்டர் வெறும் பெட்டிதான். எனவே பயணத்துக்கு முன் இயந்திரம் தந்தவர்களிடமும் வைத்தியரிடமும் கதைத்து, சிறிய ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்வது அவசியம். பயணத்துக்கென்றே செய்யப்பட்ட சிறிய கொன்சன்ட்ரேட்டர்களும், வண்டித் துளையில் நேரே சொருகும் நெபுலைசர்களும் உண்டு. அவற்றுக்கு இன்வேர்ட்டரே வேண்டாம். ஆனால் அங்கேயும் அதே கேள்வி: 12ஆ, 24ஆ?

புறப்படுவதற்கு முதல் நாள் வீட்டு வாசலில் வைத்து, எந்த வண்டியில் போகிறோமோ அந்த வண்டியிலேயே, அரை மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள். வாடகை வேன் பேசும்போது "ஏ.சி. இருக்கா, எத்தனை சீட்" என்று கேட்பதோடு "எத்தனை வோல்ட்" என்றும் கேளுங்கள். சாரதி வியப்பாகப் பார்க்கக்கூடும். பார்க்கட்டும்.

ஜப்பானிலிருந்து வந்த வண்டிகள்

நம் நாட்டு வீதிகளில் ஓடுவதில் பெரும் பகுதி ஜப்பானில் பாவித்த வண்டிகள். அவற்றுள் சிலவற்றில், குறிப்பாகச் சில ஹைப்ரிட் வண்டிகளில், வீட்டு ப்ளக் போன்ற ஒன்று வண்டிக்குள்ளேயே இருக்கும். எஸ்டிமா ஹைப்ரிட்டில் 1500 வொட் வரை தரும் ப்ளக் வந்தது. "இன்வேர்ட்டரே தேவையில்லை, வண்டியிலேயே இருக்கு" என்று சந்தோஷப்படும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்த ப்ளக் தருவதும் 100தான். மடிக்கணினி, ஃபோன் சார்ஜர் போன்றவற்றில் "100-240" என்று இருந்தால் சரி. நம் 230 வோல்ட் ஃபேனும் நெபுலைசரும் அதில் முனகும், ஓடாது.

ஹைப்ரிட் வண்டியில் மற்றொரு கவனமும் தேவை. அதற்குள் இரண்டு பெட்டரி இருக்கிறது. இன்வேர்ட்டருக்கு உரியது 12 வோல்ட் சின்னப் பெட்டரி மட்டும். அது மற்றக் கார்களில் இருப்பதைவிடச் சிறியது, சீக்கிரம் இறங்கிவிடும். வண்டியை "ரெடி" நிலையில் வைத்தால்தான் பெரிய பெட்டரியிலிருந்து சின்னது நிரம்பிக்கொண்டிருக்கும். செம்மஞ்சள் நிறத் தடித்த வயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். பல ஹைப்ரிட்களில் அதில் ஓடுவது 200 வோல்ட் அளவு அல்லது அதற்கும் மேல்; உயிருக்கு ஆபத்து.

மின்வெட்டில் வண்டி எஞ்சினை ஓடவிட்டு வீட்டுக்கு வயர் இழுக்கும்போது வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். கதவடைத்த கராஜில் ஓடும் எஞ்சினின் புகையில் கலந்துள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இன்வேர்ட்டரின் மின்சாரத்தை, இரு பக்கமும் ப்ளக் வைத்த வயரால் சுவர் ப்ளக்கில் ஏற்றி முழு வீட்டுக்கும் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மின்சார ஊழியர் கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது அந்த மின்சாரம் அவரைத் தேடிப் போகலாம். வெளி மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் இன்வேர்ட்டரும் வெடித்துவிடும். சாமானைத் தனி வயரால் இன்வேர்ட்டரிலேயே கொளுவுங்கள்.

வேலை முடிந்ததும் சாமானை மட்டும் கழற்றிவிட்டு இன்வேர்ட்டரை எரியவிட்டு வருவது பலரின் பழக்கம். பச்சை விளக்கு எரியும்வரை அது சும்மா இருக்கவில்லை. அரை அம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 12 அம்பியர்-மணி போய்விடும். 60 அம்பியர்-மணிப் பெட்டரி ஐந்து நாளில் வெறுமையாகிவிடும். கணவர் வெளியூர் போயிருக்கும் வாரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், முதலில் ஆசனத்துக்குக் கீழே அந்தப் பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பாருங்கள்.